காலிக் கோலுக்கு வெளியே போன பந்து

என் உயிரான சுந்தரண்ணனுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது பினாங்குக்கு எழுதிய கடிதங்களை வழியில் யாராவது பிரித்துப் படிப்பார்களோ என்று பயந்து, பாதி விஷயத்தை எழுதாமலே விட்டவள் நான். இந்தக் கடிதத்துக்கு அந்தப் பயம் இல்லை. படிக்கிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. ஆனைக்குட்டம் பக்கம் வெள்ளாமை போட்டவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் மட்டும் சரக்கு நன்றாகக் காய்கிறது என்று சந்தோஷமாக இருக்கிறார்கள். உங்கள் மாப்பிள்ளை, அதுதான் என் வீட்டுக்காரர், கம்பெனி ஹாக்கி கிளப்புக்குச் செயலாளர் ஆகிவிட்டார். அந்தக் காலத்தில் கோல் காத்த மனிதருக்கு இப்போது தொந்தி வந்துவிட்டது.

உங்கள் பெயரில் ஒரு கோப்பை வைக்கப் போகிறார்களாம். முதல் ஆட்டத்தன்று நான் மைக் முன்னால் நின்று பேச வேண்டுமாம். என்ன பேச வேண்டும் என்பதையும் இவரே சொல்லிவிட்டார்.

"எங்க அண்ணன் பொழைக்கப் போன எடத்துல மலேயாவுக்கு ஆடுனாலும், பெறந்த மண்ணுக்காகக் கோலை விட்டுக்குடுத்தாகன்னு சொல்லு. சனம் கைதட்டும்."

அந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தியது. செத்துப்போன ஒருவரை ஊரே கூடித் தூக்கிப் பிடித்தால், அதில் ஊருக்கு என்ன லாபம் என்று பார்க்கிறவள் நான். என் குணம் உங்களுக்குத் தெரியாததா? கடைக்காரர் தட்டிக் காட்டிய தேங்காயை விட்டுவிட்டு, அடியில் கிடப்பதை எடுக்கிறவள்.

அந்த நாள் உங்களுக்கு எப்படிப் போயிற்றோ தெரியாது. இங்கே எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன். சிறு பையனாகச் சித்தப்பாவோடு விருதுநகரிலிருந்து கிளம்பிக் கப்பலேறிப் போனவர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து, மலேயா டீமிலேயே இடம் பிடித்துவிட்டார் என்று எங்களுக்கெல்லாம் தலை கால் புரியவில்லை. அடுத்த பெரிய போட்டிக்கு யார் போவது என்று முடிவு செய்கிற தகுதிப் போட்டியில், நீங்கள் நம் நாட்டு டீமுக்கு எதிராக ஆடுகிறீர்கள். நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வாசலில் முதலாளி ரேடியோவை வைத்தார். லேபிள் ஒட்டுகிற நாங்களும் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தோம்.

ரேடியோவில் ஆங்கிலம். கணக்குப்பிள்ளைதான் தமிழில் சொன்னார். நம் டீம் ஒரு கோல் முன்னால் இருந்தது. புள்ளிக் கணக்கில் மலேயாவுக்குச் சமனே போதுமாம்; நீங்கள் சமன் செய்துவிட்டால் நம் ஆட்கள் வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஆட்டம் முடியப்போகிற நேரம்.

"சுந்தரத்துக்கிட்ட பந்து. நம்ம கோல்கீப்பரு கீழ விழுந்துட்டாரு. கோலு காலியாக் கெடக்கு" என்றார் கணக்குப்பிள்ளை. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். "வெளிய அடிச்சுட்டாரு" என்றார். பிறகு எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு, "வேணும்னே வெளிய அடிச்சுட்டாரு" என்றார்.

அந்த 'வேணும்னே' ரேடியோவில் வந்ததா, அவர் வாயில் வந்ததா? மறுநாளே போய்க் கேட்டேன்.

"அய்யா, வேணும்னேன்னு ரேடியோவுல சொன்னாகளா?"

"அதை அவுக வேற சொல்லணுமாக்கும் தாயி? நம்ம ரத்தம், நமக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான், அண்ணே. அன்றைக்கே சரம் சரமாக வெடித்தார்கள். அந்தத் தீபாவளி சீசனுக்கு உங்கள் படம் போட்டே ஒரு வெடிப் பாக்கெட் வந்தது. கையில் ஹாக்கி மட்டை, முகத்தில் சிரிப்பு, கீழே 'விட்டுக்கொடுத்த வீரன்' என்று எழுத்து. அந்த லேபிளை நானே கட்டுக் கட்டாக ஒட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது. குழாயடியில் எனக்கு வழி விட்டார்கள். ஆனாலும் ஒட்டும்போது ஒவ்வொரு தடவையும் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்வேன், நிஜமாகவே விட்டீர்களா என்று. லேபிளில் இருந்த ஆள் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

மறு வருஷம் நீங்கள் வந்தீர்கள். விருதுநகர் ஜங்ஷனில் போட்ட மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற போர்ட்டர் கையில் கொடுத்துவிட்டு நடந்தீர்கள். பெரிய மனிதருக்கு அடக்கம் என்றார்கள். எனக்கு அது அடக்கமாகத் தெரியவில்லை, கோபமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து காபியைக் கூடக் குடிக்காமல், "மாப்பிள்ளை, நாளைக்குச் சாத்தூர் டீமு கூடச் சேந்து உங்க கம்பெனி டீமை எதுத்து ஆடுறேன்" என்றீர்கள். இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

தங்கை வீட்டுக்காரர் கோலில் நிற்கிறார். மைதானத்தைச் சுற்றிச் சம்பந்தக்காரர்கள். மாப்பிள்ளை மனம் கோணாமல் மச்சான் ரெண்டு பந்தைத் தட்டிவிட்டு, மிச்சத்தைப் பிடிக்க விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நம் பக்கத்தில் அதுதானே முறை? சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளைக்கு முதல் இலை போடுகிற மாதிரி.

நீங்கள் ஒரு பந்தைக்கூட விடவில்லை. கரிசல் மண் வெடித்துக் கிடக்கிற மைதானம், பந்து எங்கே துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதில் கோலுக்கு மேல் கோலாக அடித்தீர்கள். இவர் முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகும் அடித்தீர்கள். என் மாமியார் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு உங்கள் மேல் அவ்வளவு ஆத்திரம்.

காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே இவர் சொன்னார், "பாத்தியா பாக்கியம்? நான் மறிச்சு நின்ன கோல்ல இம்புட்டுப் போட்ட மனுசனுக்கு, அங்கன காலிக் கோல்ல ஒண்ணு போட முடியாமப் போச்சாக்கும்? வேணும்னே விட்டதுதான். இனிமே சந்தேகமே இல்ல."

ஊரும் அதையேதான் சொன்னது. நீங்கள் அடித்த கோல் எல்லாம் உங்களுக்கு எதிராகவே போய்ச் சேர்ந்தது.

மறுநாள் இலையில் உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு அடக்க முடியவில்லை.

"அண்ணே, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. வேணும்னுதான் விட்டீகளா?"

நீங்கள் தலையைத் தூக்கிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "நீயுமா ஆத்தா?" என்றீர்கள். பாதிச் சோற்றில் இலையை மூடினீர்கள். அதற்குப் பிறகு இந்த ஊர்ப்பக்கம் வரவே இல்லை. பதில் சொல்லாமல் போனதால் என் சந்தேகம் இன்னும் தடித்தது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் எதற்கு எழுந்து போக வேண்டும்?

பிறகு நீங்கள் இறந்துபோன தந்திதான் வந்தது.

போன மாதம் உங்களைக் கட்டிய மதினி பினாங்கிலிருந்து வந்திருந்தார்கள். அதிலும் எனக்குச் சந்தேகம்தான். இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது எதற்கு வருகிறார்கள், அப்பா விட்டுப்போன விருதுநகர் வீட்டில் பங்கு கேட்கவா என்று. அவர்கள் எதுவும் கேட்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார்கள்.

"உங்க லேபிள் பாக்கெட்டை யாரோ கப்பல்ல கொண்டாந்து அங்க கடையில வச்சுட்டாங்க. டீமுல இருக்கவங்க பாத்துட்டாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. பந்தை மட்டும் அவருக்குத் தள்ளுறதை விட்டுட்டாங்க. அவரே டீமுலேருந்து பேரை எடுத்துக்கிட்டாரு."

நான் முறத்தில் கிடந்த வெங்காயத்தை அவர்கள் பக்கம் தள்ளினேன்.

"அப்புறம் தெனமும் வேலை முடிஞ்சு வந்து ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்னாடி போவாரு. ரெண்டு கல்லை நட்டு வச்சிருந்தாரு. பந்தை ஒரே எடத்துல வச்சு அடிப்பாரு. உள்ள போகும். எடுத்தாந்து மறுபடியும் அதே எடத்துல வைப்பாரு. படுக்கையில விழுற வரைக்கும் இதேதான்."

என் புத்தி போகாதே. "கல்லுக்கு நடுவுல யாரும் நிப்பாகளா மதினி?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. காலியாத்தான் இருக்கும்."

"இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலையே. விட்டுக்குடுத்ததுக்குப் பாராட்டித்தானே எழுதுனீங்க."

வேண்டுமென்றே வெளியே அடித்தவர் எதற்கு, அண்ணே, அதை உள்ளே அடித்துப் பழக வேண்டும்? இதை நான் எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டேன். மதினிக்கு ஹாக்கியில் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. கதை கட்ட வேண்டும் என்றால் இப்படியொரு கதை அவர்களுக்கு வராது. முதல் தடவையாக எனக்குச் சந்தேகப்பட ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்கு அழுத மாதிரி, தந்தி வந்த அன்றுகூட நான் அழவில்லை.

நேற்று இவரிடம் கேட்டேன். "எங்க அண்ணன் உங்களுக்கு ஒரு கோலாவது விட்டுக்குடுத்தாகளா? சொந்த மாப்பிள்ளைதானே நீங்க, ஊரே பாத்துக்கிட்டு இருந்துச்சே?" இவர் தொந்தியைத் தடவிக்கொண்டார். "ஒண்ணு கூட விடல" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மைக்குல அப்படிச் சொன்னா கோப்பைக்கு யாரு வருவா புள்ள?" என்றார். வராமல் போகட்டும் என்றேன்.

அண்ணே, இது நான் கொடுக்கிற வாக்கு. அந்த மைக் முன்னால் நிற்பேன். முதலாளி உட்கார்ந்திருப்பார், கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். எங்கள் அண்ணன் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்வேன். அன்றைக்கு நம்மைத் தோற்கடிக்கத்தான் அந்தப் பந்தை அடித்தார், மனதார அடித்தார், தவறிப்போய்விட்டது என்று சொல்வேன். யாரும் கைதட்ட மாட்டார்கள். அந்த அமைதி முடியும்வரை நான் அங்கேயே நிற்பேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
பாக்கியம்