கோச்சி விளக்குக்குப் புளி போட்ட வாப்பாவுக்கு

வாப்பா,

இன்று பகல் மீன் ஆணத்துக்குப் புளி கரைத்தேன். வாசம் எழும்பியதும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன புள்ள, தனியச் சிரிக்கிறாய்?" என்றா உம்மா.

"வாப்பாட விளக்கு."

அவவும் சிரித்தா. நீங்கள் போய் இரண்டு நோன்பு கடந்துவிட்டது. இந்த வீட்டில் புளி கரைத்தால் இன்னும் உங்கள் கதைதான்.

நான் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த காலம் அது. மட்டக்களப்பில் பழைய ரயில் பொருட்களைத் தேடிச் சேர்க்கும் தொண்டர்களோடு சேர ஆசைப்பட்டேன். "தனியவா? நானும் வாறன்" என்று சனிக்கிழமைகளில் தையல் கடையைப் பூட்டினீர்கள். என் காவலுக்கு வந்த நீங்கள், மூன்றாவது கிழமை எனக்கு முந்தியே பஸ்ஸுக்கு நின்றீர்கள். பக்கத்துக் கடைக்கார நானா கேலி பண்ணாமல் விடவில்லை.

"கல்முனையில கோச்சியும் இல்ல, தண்டவாளமும் இல்ல. வாப்பாவும் மகளும் எதக் காக்கப் போறீங்க?"

"ஒருநாள் கோச்சி வந்தா மறிக்க ஆள் வேணும்தானே" என்றீர்கள்.

நிந்தவூரில் ஒரு வீட்டார் ரயில் கைவிளக்கு ஒன்றைத் தந்த நாள் நினைவிருக்கிறதா? பித்தளை கறுத்துக் கிடந்தது. அதன் வயிற்றில் பாதி உரிந்த வெள்ளைப் பூச்சு. எழுத்தா, கீறலா என்று யாருக்கும் பிடிபடவில்லை. குழுவை நடத்திய டீச்சர், "அடுத்த சனி பழைய படங்களோட வெச்சுப் பாப்பம். எந்த ஸ்டேசன் விளக்கு எண்டு தெரிஞ்சா நம்மட காட்சி அறையில இருக்கும். தெரியாட்டி கொழும்பு மியூசியத்துக்குத்தான் போகும்" என்றா. எல்லோரும் அந்த வீட்டாரோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் புது ஆட்களோடு கதைக்க வராதே. கை சும்மா இருக்கக் கூடாது என்று உங்கள் பையிலிருந்த அளவு வெட்டும் மெல்லிய தாளை விளக்கின் மேல் வைத்து, உங்கள் நீலச் சோக்கால் அந்த வெள்ளைக் கோடுகளை அப்படியே எடுத்தேன். மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

விளக்கைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தது. நீங்கள் அதை எப்படிப் பத்திரப்படுத்தினீர்கள் என்பது அடுத்த சனிக்கிழமைதான் எனக்கும் தெரிந்தது. சாரத்துணியை அவிழ்த்து மேசையில் வைத்தீர்கள். கல்யாண வீட்டுக் குத்துவிளக்குப் போல மினுங்கியது.

"புளியும் சாம்பலும் போட்டு ரெண்டு நாள் கடையில வெச்சுத் தேச்சன் டீச்சர். பாருங்க, முகம் பாக்கலாம்!"

டீச்சர் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உங்களிடம் கேட்டா: "எழுத்து எங்க, காக்கா?"

"என்ன எழுத்து? அந்த வெள்ளை ஊத்தையா?"

டீச்சர் விளக்கை மெல்ல மேசையில் வைத்தா. உங்கள் முகத்தில் சிரிப்பு ஒவ்வொரு துண்டாகக் கழன்றதைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றினீர்கள், மறுபடி போட்டீர்கள். "அப்ப நான் கெடுத்துப் போட்டனா?" என்று கேட்ட உங்கள் குரல், எங்கள் வீட்டில் நான் கேட்டிராத குரல்.

பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் விரிவுரை மண்டபத்தில் ஒரு கேள்வி கேட்காதவள் நான். எழும்பி நின்றேன். புத்தகத்தைத் திறந்தேன்.

"டீச்சர், எழுத்து என்னட்ட இரிக்கி."

தாளை விரித்தேன். டீச்சர் பழைய படங்களை எடுத்து வந்தா. ஒன்றில் ஏறாவூர் பெயர்ப்பலகையின் கீழ் ஒரு ஊழியர் கைவிளக்கோடு நின்றார். விளக்கில் வெள்ளை எழுத்து. எழுதியவர் 'ஏ'யின் காலைத் தேவைக்கு மேல் இழுத்து, நுனியை மீன் தூண்டில் போல வளைத்திருந்தார். என் தாளில் நீல நிறத்தில் அதே தூண்டில்.

"ஏறாவூர்!" என்று டீச்சர் கத்தினா. எல்லோரும் கை தட்டினார்கள். நீங்கள் மட்டும் தட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ட தாள், என்ட சோக்கு" என்றீர்கள். அறையே சிரித்தது.

திரும்பும் வழியில் பஸ் கண்டக்டரிடம் சொன்னீர்கள்: "தம்பி, என்ட மகள் இண்டைக்குக் கதைச்சவ!" அவர் உங்களையும் என்னையும் பார்த்துவிட்டு, "இதுக்கு முந்தி கதைக்க மாட்டாவா?" என்று இரக்கத்தோடு கேட்டார். நான் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு கல்முனை வரை சிரித்தேன். நீங்கள் இறங்கும் வரை இன்னும் நான்கு பேருக்குச் சொன்னீர்கள்.

விளக்கு அந்த அறையில்தான் இருக்கிறது, வாப்பா. பக்கத்தில் உங்கள் அளவுத்தாள், கண்ணாடிச் சட்டத்துக்குள். கீழே உள்ள குறிப்பை நான்தான் எழுதினேன்: ஏறாவூர் நிலையக் கைவிளக்கு. துலக்கியவர், கல்முனைக்குடித் தையற்காரர் ஒருவர்.

சனிக்கிழமைகளில் பாடசாலைப் பிள்ளைகள் வருவார்கள். அறையில் எல்லாம் கறுத்துக் கிடக்க, இது மட்டும் ஏன் இப்படி மினுங்குது என்று எப்படியும் ஒரு பிள்ளை கேட்டுவிடும். நான் எழும்பி நிற்கிறேன். "என்ட வாப்பா..." என்று தொடங்குகிறேன்.

கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறது, வாப்பா.