காட்டேரிக் கணவாயும் நான் ஏறாத படகும்

நவம்பர் 12, செவ்வாய்
மஞ்சக்குட்டைக்கு நாலு ட்ரிப். என் பேச்சைக் கேக்கவே ஜீப் நிறையுது, அது ஊருக்கே தெரியும். அக்கா மக சசிகலா பரங்கிப்பேட்டையில கடல் படிப்பு படிக்குதில்ல, அது ஆராய்ச்சி பண்றது இரத்தக் காட்டேரிக் கணவாய்னு ஒரு கடல் உசுரை. பேரைச் சொன்னதும் வண்டியே கம்முன்னு ஆயிடுச்சு. விடுவனா? நாகப்பட்டினத்துல ரெண்டு வருசம் நான் கடலுக்குப் போனப்ப அது வலையில ஏறி, ஒரு ஆளைக் கழுத்தோட சுத்தி, வெளுத்த துணியாட்டம் ஆக்கிட்டுத்தான் விட்டுச்சுன்னேன். அக்காகூட எஸ்டேட்ல வேலை பாக்குற மேகலா முந்தானையால வாயை மூடிக்கிட்டா.

நவம்பர் 14, வியாழன்
காப்பி பறிக்கிற இடத்துல மேகலா எல்லாத்தையும் அக்காகிட்ட ஒப்பிச்சிருக்கா. சாயங்காலம் அக்கா ஊட்டுக்கு வந்துச்சு. அந்தக் கணவாயைப் பாக்க சசிகலா கொச்சியில இருந்து கப்பல்ல இருபத்தஞ்சு நாள் போகணுமாம். ஊட்டுல கையெழுத்துப் போட்ட காயிதம் இருபத்தஞ்சாந்தேதிக்குள்ள போகணும்.
"அது அப்பன் இருந்தா அவரைக் கேப்பேன். தாய்மாமன் நீ. கடலைப் பாத்தவனும் நீதான். அந்தக் காட்டேரி நெசந்தானா?"
யோசிச்சுச் சொல்றேன்க்கான்னேன்.

நவம்பர் 15
நாஞ் சொன்னது பொய்யின்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை. ஏன் வரலை?

நவம்பர் 17, ஞாயிறு
சசிகலா வந்திருக்கு. அம்மா கையெழுத்துப் போடமாட்டேங்குதுன்னு அழுது மூஞ்சி வீங்கியிருந்துச்சு. என்னைக் குத்தம் சொல்லலை. செல்போன்ல படம் காட்டுச்சு. மொத்தமே ஒரு அடிதான். ரத்தம் குடிக்காதாம். முக்கால் கிலோமீட்டர் ஆழம், ஒரே இருட்டு, மூச்சுக்குக் காத்து பத்தாத தண்ணி. மத்த மீனுங்க அங்க நொம்ப நேரம் தங்காது, இதுக்கு அதுவே பாதுகாப்பு. அசையாம மிதந்துகிட்டு, மேல செத்ததோட துணுக்கு தூசியாட்டம் இறங்கிவர்றதை நீளமா ஒரு நூலை விட்டு எடுத்து, கோழையில உருட்டித் தின்னுமாம். இருட்டுல மை கக்கி என்ன பிரயோசனம்? அதனால மினுங்குற கோழையைக் கக்கும். பயந்தா கையெல்லாம் புரட்டி உடம்பைப் போர்த்திக்கும். உள்பக்கம் பூரா முள்ளு.
"குத்துமா கண்ணு?"
"குத்தாது மாமா. அது வெறும் சதை. சும்மா காட்டும்."
ஜீப்பைக் கழுவணும்னு எந்திரிச்சு வந்துட்டேன். காலையிலதான் கழுவியிருந்தேன்.

நவம்பர் 21, வியாழன்
அக்கா ஊட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். சொன்னா என் நாகப்பட்டினக் கதையே போயிடும். அங்க நான் ஐஸ் கம்பெனியில கட்டி உடைச்சேன். படகுல ஏறச் சொன்னாங்க — பயம், ஏறலை. இதை எழுதறதுக்கே கை கூசுது.

நவம்பர் 23, சனி
தனியாக் கூப்பிட்டா மறுபடியும் மழுப்புவேன்னு தெரியும். அதனால எஸ்டேட்ல காப்பிப் பழம் எடை போடுற இடத்துக்கே போனேன். வரிசையில அக்கா, பின்னால மேகலா. அங்கயே சொன்னேன். "நான் கடலுக்குப் போனதே இல்லக்கா. படகுல கால் வைக்கலை. அந்தக் காட்டேரி யாரையும் கடிக்காது. நாஞ் சொன்னது அத்தனையும் பொய்."
எடைக் கணக்கு எழுதுற ரைட்டர் தராசை விட்டுட்டு என்னைப் பாத்தார். ஏனுங்க, எங்களை ஜீப்புல அடைச்சுவச்சுப் பயமுறுத்தவா ஆள் ஏத்துறீங்கன்னு மேகலா கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா சிரிக்கலை.
"இதைச் சொல்ல உனக்கு ஒம்பது நாளாடா? வந்த நாள்ல இருந்து எம் புள்ள சரியாச் சோறு திங்கலை."
கூடையைத் தூக்கிட்டு முன்னால நகந்துருச்சு. காது இன்னும் எரியுது.

நவம்பர் 25
அக்கா கையெழுத்துப் போட்டாச்சு. சசிகலா சொல்லித்தான் தெரியும்.

டிசம்பர் 19, வியாழன்
அதுக்கப்புறம் அக்கா இன்னிக்குத்தான் ஜீப்புல ஏறுச்சு. மாரமங்கலத்து அம்மா ஒருத்தர், கடலுக்குப் போனவரு நீங்கதானுங்களேன்னு கதை கேட்டாங்க. நான் கியரை மாத்தினேன். பின்சீட்டுல இருந்து அக்காதான் பதில் சொல்லுச்சு.
"எந் தம்பி கரையில நின்னு பாத்ததோட சரிங்க. எம் புள்ளதான் போயிருக்கு. அந்தக் காட்டேரியைக் கேமராவுல பாத்துருச்சாம், நேத்துக் கப்பல் போன்ல கூப்பிட்டுச் சொல்லுச்சு."
ஆமாங்கன்னேன். அடுத்த வளைவுக்கு ஹாரன் அடிச்சேன்.