இரண்டு முறை தட்டினால்

அன்பு மகளுக்கு,

போன மாதம் நீ போன் செய்தபோது எடுத்தது நான்தான். "இன்னும் கோபமாப்பா? ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றாய். நான் பேசவில்லை. மூன்று வருடம் கழித்துக் கூப்பிட்டவள், வைத்துவிட்டாய்.

நீ வீட்டை விட்டுப் போன அன்று நாக்கில் நரம்பில்லாமல் பேசியவன் நான். முப்பது வருடம் பஸ்ஸில் நிறுத்தங்களைக் கத்திச் சொன்ன அந்த நாக்கு இப்போது இல்லை. நீ கூப்பிடுவதற்கு முன்பே புற்றுநோய் என்று எடுத்துவிட்டார்கள். பதறாதே. சாப்பாட்டை மிக்சியில் அடித்துக் குடிக்கிறேன், பாத்திரம் கழுவும் வேலை குறைந்திருக்கிறது.

வெட்டிய கட்டியின் மரபணுவைச் சோதித்தால் நோய் திரும்புமா என்று ஓரளவு தெரியுமாம். முடிவைச் சொல்ல நேற்று லேப்பிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், ஆமான்னா போன்ல ஒரு தடவை தட்டுங்க. இல்லன்னா ரெண்டு தடவை."

திரும்பி வர வாய்ப்பு ரொம்பக் குறைவாம். "நல்ல சேதி சார்! உங்க குடும்பத்துல யாராவது பக்கத்துல இருக்காங்களா?" என்றாள்.

இரண்டு முறை தட்டினேன்.

அவள் வைத்த பிறகும் வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

இன்னொரு முறை கூப்பிடு. அன்று கேட்ட அதே கேள்வியைக் கேள். இரண்டு முறை தட்டுவேன்.

அப்பா