ஜெயபாரதி பாரை விட்டாள்

சென்னை-17
12.11.1972

அன்பு மகன் கருணாகரனுக்கு, அப்பா மாணிக்கவாசகம் சொல்லச் சொல்ல உன் தங்கை ஜெயபாரதி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முழங்கால் வலி அவளைவிட நலமாக இருக்கிறது. கல்கத்தாவில் நீயும் மருமகளும் பேரனும் சுகமாயிருக்க முருகனைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கச்சி குடிக்கிறாளாமே, டான்ஸை உடனே நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதை வாசித்துக் காட்டியவளும் இவள்தான், ஒரு எழுத்தும் விடவில்லை. உன் மாமா சுயம்புலிங்கம் உனக்கு எழுதினது பாதிதான், மீதியைக் கேள். அடையாற்றில் டெய்சி டீச்சர் என்று ஒரு ஆங்கிலோ இந்திய அம்மா பாலே என்கிற வெள்ளைக்காரர் நடனம் சொல்லித்தருகிறார். முதலில் சுவரோரம் இடுப்புயரத்தில் ஒரு நீளக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை இரண்டு பக்கமும் விரித்து, உட்காரப்போகிற மாதிரி போய் உட்காராமலே எழுந்திருக்க வேண்டும். அந்தக் கட்டைக்குப் பேர் பார். பழகினபின் அதை விட்டுவிட்டு அறை நடுவில் வந்து, அண்டாவைக் கட்டிப்பிடித்த மாதிரி கையை வைத்துக்கொண்டு அதையே செய்ய வேண்டும். நடுவில் வந்த அன்றைக்கு விழுந்தாள், சாப்பிடாமல் படுத்தாள், மறுநாளும் போனாள்.

அந்தச் சமயம் பார்த்து மாமா ஒரு வரனைக் கூட்டிவந்தார். பையனின் தாயார் இசக்கியம்மாள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பொண்ணு சாயங்காலத்துல என்ன பண்ணுதா என்று கேட்டார்கள். உன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூணு மாசமா பாரே கதின்னு கிடந்தா, இப்பதான் விடச் சொல்லிட்டாங்க, விட்டதும் கொஞ்சம் தள்ளாடுதா, போகப்போகச் சரியாயிடும் என்றாள். இசக்கியம்மாள் காப்பியைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் கட்டையைப் பற்றி விளக்குவதற்குள் தெருவில் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

நீ சைக்கிள் பழகினபோது பாண்டி பஜார் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாய், சோடாக் கடைக்காரர் வந்துதான் பிரித்தெடுத்தார். அதற்காக உன் சைக்கிளை யாரும் பிடுங்கவில்லை. இந்த இடத்தை எழுதவேண்டாமே என்கிறாள் உன் தங்கை, எழுது என்கிறேன்.

நேற்று இருட்டும் நேரம் மாமா திரும்ப வந்தார். போன வருஷம் சர்க்கார் சாராயக் கடையைத் திறந்ததிலிருந்து அவர் வாயில் எப்போதும் ஏலக்காய். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தான், நல்ல சேதி, பையனும் அதை விடத்தான் பாக்கானாம், ரெண்டு பேரும் சேந்தே விடட்டும்னு அந்தம்மா சொல்லிட்டாங்க, டான்ஸை மட்டும் நிறுத்தணுமாம் என்றார். இவள் கூடத்தின் நடுவில் ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். காலை இறக்காமலே, மாமா, அந்தக் கம்பியை விட்டுட்டு நின்னு சொல்லுங்க, நான் நிறுத்திடறேன் என்றாள். மாமா ரோஷமாகக் கையை எடுத்தார். ஒரு சுற்று ஆடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆகவே வரன் இல்லை, டான்ஸ் உண்டு. இது என் முடிவு, மாமாவுக்கும் நீயே எழுதிவிடு.

பேரன் சுவரைப் பிடித்து நடக்கிறான் என்று எழுதியிருந்தாய். விடும்போது விழுவான், ஓடிப்போய்த் தூக்காதே. குளிர் வருகிறது, கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போடு. மூவரும் நூறாண்டு வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா மாணிக்கவாசகம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)