மூச்சைப் பிடிக்கக் கூடாதாம்

30.1.2025, வியாழன்

நேற்று தை அமாவாசை. விடிந்ததிலிருந்து மதியம் வரை ஆற்றில்தான் கிடந்தேன். முங்கி எடுத்துக் கொடுத்தவை: ஒரு கொலுசு, ஒரு செல்போன் (உயிர் போய்விட்டது), ஒரு பல்செட். பல்செட்டுக்காரர் அங்கேயே அலசி மாட்டிக்கொண்டு, "நல்லா இருப்ப தம்பி" என்று வாய் நிறைய வாழ்த்தினார்.

நான் வேலை பார்க்கிற, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் என்னை யாரும் வாழ்த்துவதில்லை. படித்துறையில் மட்டும்தான் நான் பெரிய ஆள். நாற்பத்தொரு வயதிலும் இரண்டு நிமிஷம் இருபது வினாடி மூச்சுப் பிடிப்பேன். இதை நானே எழுதுவது சரியில்லைதான். ஆனால் வேறு யாரும் எழுதப்போவதில்லையே.

2.2.2025, ஞாயிறு

மகாராஜா வந்தான். என் மனைவி செல்வியின் தம்பி. செல்போன் கடை வைத்திருக்கிறான்; யூடியூபில் சேனலும் உண்டு. சந்தாதாரர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர், அதில் அறுபது பேர் சொந்தக்காரர்கள். ஆட்டோவிலிருந்து ஒரு சிலிண்டரை இறக்கினான். நான் கேஸ் என்று நினைத்து அடுப்படிக்கு வழிவிட்டேன்.

ஸ்கூபா செட்டாம். எவனோ பயன்படுத்தியதை விளம்பரம் பார்த்து வாங்கியிருக்கிறான். சிலிண்டர், வாயில் கடிக்கிற குழாய், கண்ணாடி, ஒரு கறுப்பு ரப்பர் உடுப்பு. உடுப்பு அவனுக்குத் தொடைக்கு மேல் ஏறவில்லை. 

"அத்தான், கசத்துல இறங்கி அந்த மணிய எடுக்கப்போறோம். லைவ்ல."

கசம் என்பது எங்கள் துறைக்குச் சற்று மேற்கே ஆறு சட்டென்று ஆழமாகிற இடம். அடியில் வெள்ளைக்காரன் காலத்து வெண்கல மணி கிடக்கிறது என்பார்கள். பார்த்தவன் எவனும் இல்லை. நானும் தரையைத் தொட்டதில்லை. தொட்டதாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். நாட்குறிப்பில் பொய் எழுதக் கூடாது என்பதால் இங்கே மட்டும் உண்மை.

"செஞ்சிருவோம்லே" என்றேன். வேறென்ன சொல்வது?

4.2.2025, செவ்வாய்

சிலிண்டரில் காற்று இல்லை. மகாராஜா அதை பைக்கில் பிள்ளையைப் போல நடுவில் வைத்து, பரமசிவன் அண்ணாச்சியின் பஞ்சர் கடைக்கு என்னையும் இழுத்துப் போனான். அண்ணாச்சி சிலிண்டரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ட்யூப் உண்டா, ட்யூப்லெஸ்ஸா?"

"ட்யூப்லெஸ்" என்றான் மகாராஜா, கொஞ்சமும் தயங்காமல்.

அவருடைய குழாய் எதுவும் இதில் பொருந்தவில்லை. எவ்வளவு காற்று வேண்டும் என்று கேட்டார். சிலிண்டரில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். "லாரிக்கே இவ்வளவு வேண்டாமேவே. நீங்க என்ன வானத்துக்கா போறீங்க?" என்றார். வானத்துக்கு இல்லை, ஆற்றுக்குள் என்றதும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். 

6.2.2025, வியாழன்

செல்விக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாடு வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"முறையாப் படிச்சு, பாஸானதுக்கு அட்டை வாங்காம ரெண்டு பேரும் அந்தச் சிலிண்டரத் தொடக் கூடாது. தொட்டா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்." 

அவள் அம்மா வீடு அடுத்த தெரு. இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் விசாரித்து, சனி ஞாயிறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் நீச்சல் குளத்தில் ஸ்கூபா கற்றுத்தருகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டாள். மகாராஜா வரமாட்டானாம். வீடியோ பார்த்தே முடித்துவிட்டானாம். சரி, நான் போய் ஒரு அட்டை வாங்கி வந்துவிடுகிறேன். ரேஷன் கார்டைப் போலக் குடும்பத்துக்கு ஒன்று போதாதா?

8.2.2025, சனி

போதாதாம். ஆளுக்கு ஒன்றாம்.

சொல்லித் தருகிற ஆள் ஒரு சின்னப் பெண். ஆன்லின் என்று பெயர், தூத்துக்குடிக்காரி, இருபத்தாறு வயது இருக்கும். உடம்புக்கு என்னென்ன உண்டு என்று ஒரு படிவம் கொடுத்தாள். காது வலிக்குமா, ஆஸ்துமா உண்டா, நெஞ்சு வலி உண்டா. எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிட்டு, கீழே இடம் இருந்ததால் 'இரண்டு நிமிஷம் இருபது வினாடி' என்றும் எழுதினேன். 

அவள் அதைப் பார்த்தாள். பாராட்டுவாள் என்று நினைத்தேன். 

"அண்ணாச்சி, இதத்தான் மொதல்ல மறக்கணும். தண்ணிக்கடியில மூச்சப் பிடிக்கவே கூடாது. அதான் மொத விதி" என்றாள். 

மூச்சைப் பிடிக்காமல் என்ன முங்கு நீச்சல்? நாளை இந்தப் பிள்ளைக்கு நான் யார் என்று காட்டவேண்டும்.

9.2.2025, ஞாயிறு

கழுத்தளவுத் தண்ணீரில் முட்டி போட வைத்தாள். என்னை. கூடப் படிப்பவர்கள் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் ஒரு பல் டாக்டரும். அவர்கள் வாயிலிருந்து குமிழி குமிழியாக வருகிறது. என் வாயிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. ஆன்லின் என் முகத்துக்கு நேரே வந்து கையை ஆட்டி ஆட்டி 'விடுங்க, விடுங்க' என்று காட்டினாள். நானும் தலையாட்டினேன். ஆனால் தண்ணீருக்குள் தலை போனதும் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்கிறது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம், நான் என்ன செய்ய?

16.2.2025, ஞாயிறு

நேற்றும் இன்றும் தேர்வு. இரண்டு நாளும் தோற்றேன். எழுதவே கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

குளத்தின் ஆழமான பக்கம், பத்தடி இருக்கும். அடியிலிருந்து மூச்சை விட்டுக்கொண்டே பைய மேலே வரவேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. நான் பழக்கதோஷத்தில் நெஞ்சு நிறைய இழுத்து, பிடித்துக்கொண்டு, ஒரே உதை உதைத்தேன். பாதியில் யாரோ காலைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். முதலை என்றே நினைத்துவிட்டேன். ஆன்லின்தான். நேற்றும் அவள்தான், இன்றும் அவள்தான். 

கரையில் உட்கார வைத்துச் சொன்னாள்: "மாஞ்சோலை பஸ்ல மேல ஏற ஏற சிப்ஸ் பாக்கெட் உப்பிட்டு வரும், பாத்திருக்கீங்களா? கீழ இழுத்த காத்து மேல வர வரப் பெருக்கும். நீங்க வாய மூடிட்டு வந்தா ஒங்க நெஞ்சுதான் அந்தப் பாக்கெட்டு." 

பிறகு அவள் அப்பா பர்னபாஸைப் பற்றிச் சொன்னாள். முப்பது வருஷம் சங்கு குளித்தவராம். "எங்கப்பாவ விடக் கடல் தெரிஞ்ச ஆள் கெடையாது. ஒரு நாள் ஆழத்துல ரொம்ப நேரம் இருந்துட்டு வேகமா மேல வந்தாரு. இப்ப கம்பு ஊனித்தான் நடக்காரு. யாரும் அவருக்குச் சொல்லிக்குடுக்கல." 

வீட்டுக்கு வந்தேன். மகாராஜா வாசலிலேயே நின்றான். "என்னத்தான், பாஸா?" 

தலையை ஆட்டிவிட்டேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவன் பாஸ் என்று எடுத்துக்கொண்டான்.

19.2.2025, புதன்

ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டான். பஸ் ஸ்டாப் பக்கத்தில், பதினைந்தடி. நடுவில் கூலிங் கிளாஸுடன் மகாராஜா, பின்னால் கடல், இரண்டு டால்பின். ஓரத்தில் என் கல்யாணப் போட்டோவை வெட்டி ஒட்டி, 'தாமிரபரணியின் சுறா, சான்றிதழ் பெற்ற செந்தில்முருகன்' என்று போட்டிருக்கிறான். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு, கசத்தில். அவன் மட்டும் இறங்குவானாம். நான் கரையிலிருந்து வழிகாட்டுவேனாம்.

கடை முதலாளி கைகொடுத்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

22.2.2025, சனி

சிலிண்டரில் காற்று பிடித்துவிட்டானாம். எங்கே என்று கேட்டால் சிரிக்கிறான். "நீங்க பாஸாகிட்டிய, இனி எனக்கென்ன பயம்?" என்கிறான்.

அவனுக்கு ஆற்றில் இடுப்பளவுக்கு மேல் பழக்கமில்லை. நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி நாளைக்கு இருபதடிக்குக் கீழே போகப்போகிறான். சொல்லிவிடலாமா? சொன்னால் இந்தத் துறையில் நான் யார்? சொல்லாவிட்டால்—

செல்வியின் ஒரே தம்பி. என் கல்யாணத்தில் என் செருப்பை ஒளித்துவைத்த பயல். எனக்குப் பயமாக இருக்கு. நெஜமா பயமா இருக்கு.

23.2.2025, ஞாயிறு

காலை ஒன்பதரைக்குத்தான் செல்வியிடம் சொன்னேன். அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் ஆற்றுக்கு ஓடினேன்.

பத்து மணிக்குத் துறையில் இருநூறு பேர். பஜ்ஜிக் கடைகூடப் போட்டுவிட்டார்கள். மகாராஜா ரப்பர் உடுப்பைத் தேங்காயெண்ணெய் தடவி ஏற்றிவிட்டு, கையைக் கீழே இறக்க முடியாமல் நின்றான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சிலிண்டரைப் படியில் படுக்கப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். அது உருண்டது. நானும் கூடவே இரண்டு படி உருண்டேன். மறுபடி பிடித்து, காலால் பின்னி உட்கார்ந்தேன்.

"அத்தான், எந்திரிங்க. லைவ் ஓடுது."

"ஓடட்டும்லே. நான் பாஸாகல."

"என்னது?"

"பாஸாகல. ரெண்டு தடவ பெயிலு. மூச்சப் பிடிச்சுட்டு மேல வந்தேன். அந்தப் பிள்ள கால இழுக்கலன்னா நெஞ்சு கிழிஞ்சிருக்கும். ஒனக்கு வழிகாட்ட எனக்கு ஒண்ணும் தெரியாதுலே. அந்தக் கசத்துல நான் தரையத் தொட்டதும் கெடையாது."

கடைசியில் சொன்னது தேவையே இல்லை. ஆனால் வாய் திறந்துவிட்டது, நிற்கவில்லை. கூட்டம் கெக்கலி கொட்டிச் சிரித்தது. யாரோ "சுறா, வீட்டுக்குப் போ" என்றான். மகாராஜாவுக்கு முகமெல்லாம் கறுத்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்தான். நான் எழுந்திருக்கவில்லை. அரைமணி நேரம் இப்படியே போயிற்று.

அப்போதுதான் ஆன்லின் ஸ்கூட்டியில் வந்தாள். செல்வி கூப்பிட்டிருக்கிறாள். சிலிண்டரில் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, லேசாகத் திறந்து முகர்ந்தாள். என்னிடமும் காட்டினாள். புதுசாகப் பெயிண்ட் அடித்த பீரோவின் வாசனை.

"எங்கன பிடிச்சீங்க?" 

"பட்டறைல… பெயிண்ட் அடிக்கிற மெசின்ல" என்றான் மகாராஜா, தரையைப் பார்த்து. "முள்ளு நகந்துச்சே. நெறஞ்சிட்டுன்னு நெனச்சேன்."

"இருநூறு இருக்கவேண்டிய எடத்துல எட்டு இருக்கு. கசத்துக்குள்ள போனதும் மூச்சே வந்திருக்காது. வந்தாலும் இந்தக் காத்து மயக்கிப்போட்டிருக்கும்." 

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பஜ்ஜிக்காரர் அடுப்பை அணைத்தார். செல்வி வந்து தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு அழுதாள். ரப்பர் உடுப்பில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. என்னிடம், "பொய் சொன்னதுக்குத் தனியா இருக்கு" என்றாள்.

தனியாகவும் இருந்தது.

7.3.2025, வெள்ளி

மகாராஜா இன்னும் என்னோடு பேசவில்லை. இன்று எங்கள் காயில் கடைக்கு வந்து, என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்து, "நாளைக்கு கிளாஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டான். "ஏழு" என்று நானும் மேசையிடமே சொன்னேன்.

8.3.2025, சனி

முதல் நாளே அவனுக்கு எல்லாம் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு நிமிஷம் வாயை மூடியிருந்தவனா? குழாயைக் கடித்துக்கொண்டும் ஏதோ பேசிக்கொண்டே இருக்கிறான், குமிழி வந்துகொண்டே இருக்கிறது. ஆன்லின் டீச்சர் எல்லோருக்கும் அவனைக் காட்டினாள். நான் அவளை எப்போதிலிருந்து டீச்சர் என்று எழுத ஆரம்பித்தேன்?

12.3.2025, புதன்

மேலே வரும்போது 'ஆ…' என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வந்தால் நெஞ்சு பூட்டாது என்று டீச்சர் சொன்னாள். காயில் கட்டும்போது சொல்லிப் பார்க்கிறேன். முதலாளி பல்வலி என்று நினைத்து, பல்லைப் பிடுங்கிவிடச் சொன்னார்.

16.3.2025, ஞாயிறு

மூன்றாவது தடவை. பத்தடி, 'ஆ…' என்று கத்திக்கொண்டே வந்தேன். யாரும் காலைப் பிடிக்கவில்லை. மேலே வந்து பார்த்தால் மகாராஜா கைதட்டுகிறான். பேசாமல் இருந்த கோபம் அதோடு போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர். குளத்துத் தண்ணீர் என்று சொல்லிவிட்டேன்.

23.3.2025, ஞாயிறு

தூத்துக்குடிக் கடலில் நேற்றும் இன்றும் நான்கு தடவை இறங்கினோம். ஆளுக்கு ஒரு அட்டை உண்டு. எழுத்துத் தேர்வில் மகாராஜா என்னைவிட ஆறு மார்க் அதிகம். எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

6.4.2025, ஞாயிறு

அட்டை வாங்கிய பிறகு முதல் முறையாக இன்று நாங்களாகவே ஜோடியாக இறங்குவதாக இருந்தது. டீச்சரின் படகு. பார்ப்பதற்கு ஊரிலிருந்து வேன் பிடித்துப் பத்தொன்பது பேர் வந்தார்கள். புளியோதரை, முறுக்கு, செல்வியின் சித்தி பாக்கியவதி கொண்டுவந்த ஆரத்தித் தட்டு.

உடுப்பு மாட்டிக்கொண்டு, ஒருவர் சாமானை ஒருவர் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். என் மீட்டரைப் பார்த்தான், வாரை இழுத்துப் பார்த்தான். பிறகு அப்படியே நின்றான். 

"அத்தான், ராத்திரியிலேர்ந்து சளி. காது அடைச்சிருக்கு, ஆழத்துக்குப் போனா கிழிஞ்சிரும். இன்னைக்கு எறங்கக் கூடாது." 

யாரும் அவனிடம் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கரையில் பத்தொன்பது பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "சரிலே" என்றேன். ஜோடி இல்லாமல் நானும் இறங்க முடியாது. இரண்டு பேரும் உடுப்பைக் கழற்றினோம்.

சித்திக்குத் தாங்கவில்லை. "சளிக்குப் பயந்தா வந்திய? கடல் வரைக்கும் வந்து கால்கூட நனைக்கலியே. இதுக்கா ரெண்டு பேரும் பரீட்ச எழுதி அட்ட வாங்கினிய?"

"இதுக்குத்தான் சித்தி" என்றான் மகாராஜா.

புளியோதரையைக் கடற்கரையிலேயே தின்று தீர்த்துவிட்டு மத்தியானம் திரும்பினோம். வேனில் அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். மூக்கு அடைத்திருந்ததால் வாயைத் திறந்துகொண்டு, வல்லநாடு தாண்டும் வரை பெரிய சத்தமாக மூச்சு விட்டான். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுப்பவில்லை.