கிழியைக் கிளியாக்கினேன்

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? இது என் சொந்தக் கையெழுத்து, நம்பு!

நான் காவல் இருக்கும் கட்டடத்துக் கம்ப்யூட்டர்காரரும் நானும் என் அறையில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு சர்வர் வைத்தோம்; நான் அடிக்கும் பக்கங்களை மற்றவர்கள் படிக்க வைத்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அது. வழக்கமான இணையம் இல்லை, இது தனி வழி. படம் கிடையாது, வெறும் எழுத்துதான்.

முதல் பக்கத்தில், கல்யாணமான புதிதில் உன்னைக் கூப்பிட்ட பேரை அடித்தேன். அவர் சிரித்தார்.

"பெரியவரே, யாரைக் கிழிக்கச் சொல்றீங்க?"

கிளிக்குப் பதில் 'கிழி' போட்டிருக்கிறேன்! திருத்திவிட்டேன்.

அடுத்தவர் எழுதித்தந்த கடிதங்களில் அந்தப் பேரைச் சொல்ல வெட்கம். இப்போது தயக்கமில்லை. அந்தப் பக்கத்தின் முகவரி மகளிடம் இருக்கிறது, திறந்து பார்.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. பதிலை நீயே எழுது. 'இந்தாங்க' என்று தொடங்கு. போனில் பிள்ளைகள் முன்னால் நீ அப்படிக் கூப்பிடுவதில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன்
இந்தாங்க