கரண்டில் விளைந்த புரதம்

தென்காசி, ஆகஸ்ட் 1966

கோபித்துக்கொண்டு புளியங்குடிக்குப் போன என் மனைவிக்கு,

நேற்று வகுப்பில் பாடம் நடத்தும்போதே எனக்கு வேட்டியோடு வயிற்றால் போய்விட்டது. நீ சிரிக்க வேண்டாம், ஊரே சிரித்தாயிற்று.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, வந்த ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் ஊட்டி, குற்றாலத்துச் சேற்றின் நுண்ணுயிர்களை ஒரு ஜாடியில் புரதமாக வளர்த்தேன். ரேஷன் அரிசிக்கு நிற்கும் ஊருக்குச் சாப்பாடு போட நினைத்தது குற்றமா? “எங்க வீட்டுப் பைத்தியம் கரண்டுல கஞ்சி காய்ச்சுது” என்று பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளிடம் சொல்லிவிட்டு, ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்தாயே! அது அழுகல் இல்லை என்று காட்டத்தான் அடியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றேன்.

நீ வந்து மன்னிப்புக் கேட்கும்வரை இங்கே அடுப்பு எரியாது. எனக்குப் பற்றவைக்கத் தெரியாது.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் கணவன்

பி.கு.: எலக்ட்ரீசியன் சொரிமுத்து இப்போதுதான் வந்து பார்த்தார். “அண்ணாச்சி, ஜாடிக்குப் போற வயர மெயினோட சேக்கவே இல்லயே!” என்கிறார்.